மைக்ரோ ஆர்என்ஏ எங்கே குடியிருக்கிறது?

கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு விலாசம் கண்டுபிடிப்பதுதான் அப்போது என் தொழில். ஆய்வேடு முடித்தவர்களே, முடிக்காதவர்களே, பாதியில் பேங்க் பரீட்சை எழுதித் தப்பித்தவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய புனே. தேஹு ரோடு வீட்டிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து ஆய்வுக்கூடம் போவேன். இருப்புக்கொள்ளாமல் திரும்பி வருவேன்.

அப்பாவின் சந்தேகம்

அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னதான் செய்கிறாய் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். செல்லின் நடுவில் உட்கரு இருக்கிறது, உத்தரவு அங்கே எழுதப்படுகிறது. வெளியே, சைட்டோபிளாசத்தில், அந்த உத்தரவுப்படி புரதம் தயாராகிறது என்றேன். மைக்ரோ ஆர்என்ஏ என்பது ஒரு துக்கடா. ஒரு புரதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு உத்தரவின் மேல் உட்கார்ந்து வேலையை நிறுத்திவிடும். ஆகவே அது வெளியேதான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். சாயம் ஏற்றிய என் ஸ்லைடிலோ அது உட்கருவுக்குள் மட்டும் பச்சையாக மின்னியது. வெளியே ஒரே இருட்டு.

அப்பா தாடையைச் சொறிந்தார். "எங்க ஃபேக்டரியிலயும் வேலைய நிறுத்தறவன் வெளிய, கேட்டாண்டதாம்மா நிப்பான். உள்ள உக்காந்து நிறுத்துனா அவன் மேனேஜர்."

கழுவல்

ஆர்என்ஏ ஒரு தொட்டாற்சுருங்கி. விரல் பட்டாலே சிதைந்துவிடும். போதாததற்கு, ஒளிரும் சாயம் வேண்டாத இடத்திலும் ஒட்டிக்கொண்டு படத்தைக் கெடுக்கும். எனக்கோ சந்தேகப் புத்தி. ஸ்லைடைச் சுடச்சுடக் கழுவுவேன், மறுபடி கழுவுவேன், மனசு கேட்காமல் இன்னொரு முறையும் கழுவுவேன். படம் பளிச்சென்று வரும்.

பக்கத்து மேஜை மாதுரி அவசரக்காரி. பேருக்கு ஒரு முக்கு முக்கி எடுப்பாள். அவள் படத்தில் செல் முழுக்க மங்கலாகப் பச்சை ஈஷியிருக்கும். ஆய்வுக்கு வழிகாட்டியான எங்கள் ஸர் என் படத்தை அவளிடம் காட்டி, இதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும், உள்ளுக்குள் குளிர்ந்தும் போகும். ஸர் போனதும் மாதுரி இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "நீ கழுவுற கழுவலுக்கு அந்த செல்லுக்கே ஜலதோஷம் பிடிக்கும்."

ஐஸ் பெட்டி

மின்னுவது வெறும் சாயமல்ல என்று நிரூபிக்க, அதே சாயம் ஏற்றிய அர்த்தமில்லாத ஒரு துணுக்கைச் செல்லுக்குள் போட்டு, அது எங்கும் ஒட்டவில்லை என்றும் காட்டியாக வேண்டும். அந்தத் துணுக்கு ஊரின் மறுகோடியில் இன்னொரு ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெயில், நெரிசல், இன்னமும் மாறாத சிக்னல். மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றேன். உள்ளே மீனா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

"மீன் இல்லேன்னா எங்களை எல்லாம் ஏன் பூனையைப் பார்க்கிற மாதிரி பார்க்கறே?"

ஸிங்க்

அந்தத் துணுக்கு எங்கும் ஒட்டவில்லை. ஆகவே என் பச்சை நிஜம். உட்கருவுக்குள்தான் குடியிருப்பு என்று ஸர் கட்டுரையை முடித்துவிட்டார். அது பத்திரிகைக்குப் போனால் என் பட்டம் நிச்சயம். உதவித்தொகையோ அந்த மாதத்தோடு சரி. சந்தோஷமாக இருக்க வேண்டியவள் நான். சோறு இறங்கவில்லை. செல்லை உடைத்து அளந்தபோது வெளிப்பகுதியில் இந்த மைக்ரோ ஆர்என்ஏ தாராளமாக இருந்தது. உடைக்கும்போது கலந்திருக்கும் என்று ஸர் ஒதுக்கிவிட்டார். படத்தில் மட்டும் அப்படி ஒரு கும்மிருட்டு ஏன்?

மத்தியானம் கழுவிய தண்ணீரை ஸிங்கில் கொட்டப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. கொட்டாமல் எடுத்துவந்து, மாதுரியை உட்காரவைத்து, அந்தத் தண்ணீரையே சோதித்தோம். தேடிய பொருள் அதில் கொட்டிக் கிடந்தது. செல்லை உறையவைக்க நாங்கள் போடும் ஃபார்மலின் பெரியவற்றைப் பிடித்து நிறுத்தும். இந்தப் பொடிசு சூட்டில் நழுவிவிடும். வெளியே இருந்ததையெல்லாம் நானே அலசி வடித்திருக்கிறேன். உள்ளே சிக்கியிருந்த கொஞ்சத்தைத்தான் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியிருக்கிறோம். மாதுரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இத்தனை நாளா படம் எடுத்திருக்க வேண்டியது ஸிங்கைத்தான்."

ஸர்

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் கால் நேரே ஸர் அறைக்குப் போனது. அவர் தண்ணீர் சோதனையின் முடிவைப் படித்தார், எழுந்து ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்து மறுபடி படித்தார். பொடிசையும் இறுக்கிப் பிடிக்கும் வேறொரு மருந்து போட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெளியெங்கும் பச்சை, உள்ளேயும் கொஞ்சம். எல்லோரும் நம்பியதுதான் பெரும்பாலும் சரி. கட்டுரை கிடையாது, இப்போதைக்குப் பட்டமும் கிடையாது.

ஸர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்குக் கோபமா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை.

"நீ வந்து சொன்ன மறுநாளே அனுப்பறதா இருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன்னால சும்மா இருக்க முடியலையா?"

முடியவில்லைதான், ஆனால் அன்று சாயங்கால லோக்கலில் தேஹு ரோட்டில் இறங்க வேண்டியவள் தளேகாவ் தாண்டியும் தூங்கிக்கொண்டே போனேன்.