மூக்குப் படம் போட்ட விளையாட்டு

எங்கள் ஊருக்கு ஒரு நாற்றம் உண்டு என்பது வெளியூர்க்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆம்பூர் எல்லைக்குள் பஸ் நுழைந்ததும் சென்னை அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் கையை எடுப்பாள். எனக்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இது பெரிய வேடிக்கை. ஊறப்போட்ட தோலும் சுண்ணாம்பும் கலந்த காற்றில் பிறந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அது காற்று, அவ்வளவுதான்.

அதில் பயப்பட ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சொன்னது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அப்போது ஐந்தாம் வகுப்பு.

அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புப் பகுதி மேஸ்திரி. பச்சைத் தோலிலிருந்து முடியைக் கழற்றும் இடம் அது. அந்தத் தண்ணீரெல்லாம் ஓடிப்போய் விழும் தொட்டி ஒன்று பின்கட்டில் தரைக்குக் கீழே இருந்தது. அதைத் தூர் எடுக்க ஆளை இறக்குவதும் அப்பாவின் பொறுப்பு. தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அந்த வருஷம் ஒரு புதிய நிபந்தனை போட்டார்கள். மேஸ்திரிகள் எல்லோரும் இன்டர்நெட்டில் ஒரு பாதுகாப்புப் பாடம் முடிக்க வேண்டும். பாடம் என்றால் படிப்பதற்கு அல்ல, ஆடுவதற்கு. திரையில் ஒரு தொழிற்சாலை வரும். நாம் ஆட்களை வேலைக்கு அனுப்ப வேண்டும். சரியாக அனுப்பினால் அடுத்த கட்டம். தப்பாக அனுப்பினால் அந்த ஆள் விழுவான், ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா எட்டாவதோடு நின்றவர். வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதான். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரௌசிங் சென்டருக்குக் கிளம்பினார். வழியில் டீக்கடையில் அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் நிறுத்தினார்.

"இன்னா மேஸ்திரி, கேம் ஆடறதுக்குக் கம்பெனியே அனுப்புதாமே? நம்ம பேரையும் ஒரு ஓரமா எழுது தோஸ்த்."

"வா. ஆடிப் பாரு. பேஜார் தெரியும்."

"எனக்கு எதுக்கு? நான் எறங்கற ஆளு. மேல நிக்கற ஆளுங்கதான் ஆடணும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகியது.

பிரௌசிங் சென்டரில் பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அப்பா பின்னால் நின்றார். விளையாட்டு திறப்பதற்குள் ஒரு நீலக்கோடு அங்குலம் அங்குலமாக நீண்டது. பிறகு மஞ்சள் தொப்பி போட்ட ஆள் ஒருவன் வந்தான். அவனுக்கு முகம் இல்லை. கீழே ஒரு தொட்டி. வலது மூலையில் ஒரு மூக்கின் படம், அதிலிருந்து அலை அலையாகப் பச்சைக் கோடுகள். நாற்றத்தைத்தான் அப்படிக் காட்டுகிறார்கள் என்று நானே கண்டுபிடித்து அப்பாவுக்குச் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

ஆளை ஏணியில் ஒரு படி இறக்கினேன். பச்சைக் கோடுகள் தடித்தன. இன்னொரு படி. மேலும் தடித்தன. நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கோடுகள் மெலிந்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் போயின. வெறும் மூக்கு மட்டும் இருந்தது. நாற்றம் போய்விட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைத்து அடியில் இறக்கிவிட்டேன். அவன் முட்டி மடங்கி, மூட்டை சரிவதுபோல் சரிந்தான். உடனே மேலே இன்னொரு மஞ்சள் தொப்பி வந்தது. நண்பனுக்கு உதவுகிறாயா என்று ஒரு பெட்டி கேட்டது. உதவாமல் இருப்பார்களா? ஆம் என்று அமுக்கினேன். அவனும் இறங்கினான். அவனும் சரிந்தான்.

அதன் பிறகுதான் சின்ன எழுத்துக்கள் வந்தன. இந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றுபோனால் அபாயம் நீங்கியதாக எண்ணாதே. ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கிச் சத்தமாகச் சொன்னேன். பதில் வராமல் திரும்பிப் பார்த்தபோது பின்னால் அப்பா இல்லை. வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் தோற்றது அவருக்கு அவமானமாகிவிட்டது என்று நினைத்தேன்.

வீடு வரும் பாதியில் கேட்டார்: "ரெண்டாவது ஆள ஏன் எறக்கின?"

"உதவி பண்றியான்னு கேட்டுச்சுப்பா."

"கேட்டா எறக்கிடுவியா?"



அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. என் கணக்கு மிகத் தெளிவாக இருந்தது. நாற்றம் தெரியாவிட்டால் ஆபத்து. எங்கள் ஊரில் யாருக்கும் நாற்றம் தெரியவில்லை. அத்தைக்குத் தெரிகிறது, அதனால் அவள் பிழைத்துக்கொள்வாள். நாங்கள் எல்லோரும் தொட்டியின் அடியில் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் "உனக்கு நாத்தம் வருதா?" என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொண்டு தன் அக்குளை முகர்ந்து பார்த்தாள். வீட்டில் மண்ணெண்ணெய், அம்மாவின் தலைப்பூ, தம்பியின் ஜட்டி என்று எதைக் கண்டாலும் முகர்ந்தேன். தைலப் புட்டி ஒன்றை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு, மூக்கு இன்னும் வேலை செய்கிறதா என்று பாடத்துக்குப் பாடம் சோதித்தேன். டீச்சர் எனக்குச் சளி என்று நினைத்து ஜன்னல் ஓரத்திலிருந்து மாற்றி உட்காரவைத்தார்கள். காற்று வராத இடம். பயம் இன்னும் ஜாஸ்தியானது.

ஊரைப் பற்றிய பயம் அப்பாவைப் பற்றிய பயமாகச் சுருங்கியது ஒரு வியாழக்கிழமை மாலை. டேனரிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. தோலை உருட்டும் டிரம்கள் ஓடாத அந்த நாளில் தொட்டியைத் தூர் எடுத்துவிட வேண்டும், சனிக்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்துவிட்டு வந்த அம்மா, கழுத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க எறங்கப் போறீங்களா?"

"நான் என்னிக்கு எறங்கியிருக்கேன்?"

எனக்கு அதைக் கேட்டு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா அதைச் சொன்ன குரல், ஏதோ இந்தமுறை இறங்கிக் காட்டிவிடுவேன் என்பதுபோல் இருந்தது. அம்மாவும் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா வீட்டில் தங்குவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் பின்கேட் வழியாக வெளியே வந்தேன். டேனரி இரண்டு தெரு தள்ளி. வாட்ச்மேன் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கேட் ஒருக்களித்து இருந்தது.

உள்ளே சத்தமே இல்லை. எப்போதும் உருண்டுகொண்டிருக்கும் டிரம்கள் நின்றிருந்தன. முற்றத்தின் நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தைலப் புட்டியைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அப்பா ஏற்கெனவே கீழே விழுந்துகிடக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அழுகைகூட வரவில்லை, பின்கட்டை நோக்கி ஓடினேன்.

தொட்டியின் மூடியை நகர்த்தி வைத்திருந்தார்கள். அப்பா ஓரத்தில் நின்றிருந்தார். டீக்கடையில் கேலி பேசியவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்திருந்தார். இன்னும் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள்.

"காத்தால குப்புனு அடிச்சுது. இப்போ நாத்தமே இல்ல மேஸ்திரி," என்றார் ஏணியில் இருந்தவர். "எறங்கிடறேன். சோத்துக்கு முன்ன முடிச்சிடலாம்."

நான் போய் அப்பாவின் சட்டையைப் பிடித்தேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஏன் வந்தாய் என்று கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்: "நாத்தம் நின்னுட்டாதான்ப்பா செத்துடுவாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். "பாப்பாவ ஆபீசராப் போட்டுட்டாங்களா?" என்றார் ஒருவர். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணியில் இருந்தவரிடம் சொன்னார்.

"ஏறி வா."

"இன்னா மேஸ்திரி, கொழந்த பேச்சக் கேட்டுக்குனு."

"ஏறி வான்றேன்ல."

அவர் ஏறினார். ஏறியதும் கயிற்றை அவிழ்த்து அப்பாவின் காலடியில் போட்டார். "உனக்கு பயம்னா தள்ளி நில்லு. தள்ளி நிக்கறது உனக்குப் புதுசா? அன்னிக்கும் அப்படித்தான நின்ன."

அடிதடி ஆகப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு உரசும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், அப்பா ஏணியை மேலே இழுத்துத் தரையில் கிடத்தி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் வந்து கத்தினார். அப்பா எழுந்திருக்கவில்லை. காற்று ஊதும் பிளோயர் கொண்டுவந்தால் ஒழிய யாரும் இறங்க முடியாது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மேனேஜர் சத்தம் போடும் ஒவ்வொரு தடவையும் அப்பாவின் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். கடைசியில் வாணியம்பாடியிலிருந்து பிளோயர் வந்தது. பொழுது சாயும்வரை உள்ளே காற்று அடித்துவிட்டுத்தான் தூர் எடுத்தார்கள். அன்று மதியம் அந்தத் தொட்டிக்குள் வாயு இருந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. யாரும் சாகாததால் எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை.

அந்த ஆள் சொன்ன 'அன்னிக்கு' எது என்று எனக்குப் புரிந்தது கல்லூரி முடித்த பிறகு, அம்மா சொல்லித்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அதே தொட்டியில் சித்தப்பா இறங்கினார். சித்தப்பா கேஸ் அடித்து இறந்தார் என்று எனக்குத் தெரியும்தான். ஆனால் எங்கள் வீட்டில் கேஸ் என்றால் அடுப்புக்கான சிலிண்டர். அதனால் சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் நான் தெருவில் போய் நிற்பேனே தவிர, தொட்டியைப் பற்றி நினைத்ததே இல்லை. அன்று சித்தப்பா சரிந்ததைப் பார்த்ததும் கயிறு பிடித்திருந்த ஒருவர் குதித்தார். அவரும் திரும்பி வரவில்லை. அப்பா குதிக்கவில்லை. ஆட்களைக் கூப்பிட ஓடினார். குதித்தவரின் படத்துக்குத் தெருவே மாலை போட்டது. சொந்தத் தம்பி உள்ளே கிடக்க வெளியே ஓடிய அண்ணன் என்ற பேச்சு அப்பாவுக்கு மிஞ்சியது. அந்த வெள்ளிக்கிழமைவரை அவர் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. டீக்கடையில் சொல்வார்கள். பாட்டியும் சித்தப்பா காரியத்துக்குப் பிறகு அப்பா கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையாம்.

இது எதுவும் தெரியாமல்தான் அந்த வெள்ளிக்கிழமையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த பிளைவுட் அறையில் உட்கார்ந்தேன். பாடத்தை முடித்தாக வேண்டுமே. இந்தமுறை முதல் ஆளை இறக்கும் முன் தொட்டிக்குள் காற்றடித்தேன், வாயுவை அளந்து பார்த்தேன், தேறினேன். அடுத்த கட்டம் நான் முன்பு பார்க்காதது. தொட்டிக்குள் ஓர் ஆள் ஏற்கெனவே விழுந்து கிடந்தான். மேலே ஒருவன் தனியாக நின்றான். நீதான் மேஸ்திரி என்றது திரை. கீழே இரண்டு பெட்டிகள், பக்கத்தில் ஒரு கடிகாரம்.

"இன்னா கேக்குது?" என்றார் அப்பா.

"எறங்கறியா, இல்ல எறங்காம ஆளுங்களக் கூப்பிடப் போறியான்னு கேக்குதுப்பா."

"இன்னொருவாட்டி படி."

படித்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து, என் கையை விலக்கிவிட்டு மௌஸைப் பிடித்தார். அவர் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை. ஓடிப்போகும் எலியை அமுக்குவதுபோல் அமுக்கினார். அம்புக்குறி 'இறங்கு' பெட்டியின்மேல் போய் நின்றபோது எனக்கு உயிர் போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை இறங்காவிட்டாலும் என்றாவது ஒருநாள் இவர் இறங்கிவிடுவார் என்று அந்த நொடியில் முடிவே செய்துவிட்டேன். அம்பு அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு நடுங்கி நடுங்கி நகர்ந்து மற்றப் பெட்டிக்குப் போனது. அமுக்கினார். டிங் என்று மணி அடித்தது, பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது.

"இன்னா சொல்லுது?"

"சரின்னு சொல்லுதுப்பா."

"நல்லாப் படி."

"நீ செஞ்சது சரி. நீ எறங்கியிருந்தா நீயும் செத்திருப்பன்னு போட்டிருக்கு."

அந்தக் கட்டத்தை மட்டும் திரும்ப வரவைக்க முடியுமா என்று அப்பா கேட்டார். வரவைத்தேன். மறுபடி அந்தப் பெட்டியையே அமுக்கினார், மறுபடி மணி அடித்தது. இன்னொரு தடவை என்றார். வெளியே கம்ப்யூட்டருக்குக் காத்திருந்த பையன்கள் தடுப்பைத் தட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பெரியவர்களுக்கும் விளையாட்டுப் பித்துப் பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டு, "போதும்ப்பா, நாமதான் ஜெயிச்சிட்டோமே," என்றேன்.