புகை அடங்கிய பீப்பாய்

குறிஞ்சாக்கேணியில் பாயிஸ் என்றால் சிலருக்குச் சட்டென்று விளங்காது. மூக்குப் பாயிஸ் என்றால்தான் விளங்கும். மூக்குப் பெரிது என்பதால் வந்த பெயர் அல்ல அது. அடுத்த வீட்டில் சோறு அடிப்பிடிக்கப் போகிறது என்று அந்த வீட்டுக்காரிக்குத் தெரிய முன்னமே வேலிக்கு மேலால் சத்தம் வைக்கிற ஆள் அவர். தெருவில் எங்காவது அடுப்பு எரிந்தால், எரிவது கஜு விறகா, புளியா, மாவா என்று நின்ற இடத்திலேயே சொல்லுவார். நான் அவருடைய மனைவி சுஹைரா. ஊருக்கு அந்த மூக்கு ஒரு பகிடி. எனக்கோ இப்போது அது பகிடி இல்லை.

கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் இறைச்சியைப் புகையில் வேக வைக்கிற வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். அந்த உழைப்பில்தான் வீடு கட்டினோம். நாலு பக்கமும் கண்ணாடி யன்னல், மேலே கொங்கிரீட் தட்டு. ஓட்டு வீடென்றால் எந்த இடுக்காலும் காற்று வரும். எங்கள் வீட்டில் யன்னலைச் சாத்தினால் எறும்புக்கும் வழியில்லை. அதில் அவருக்குப் பெரிய பெருமை.

வீடு முடிந்த கையோடு ஓர் எண்ணெய்ப் பீப்பாயை வாங்கி, பக்கத்தில் கதவு வெட்டி, உள்ளே கம்பி அடுக்கி, தள்ளிப் போக அடியில் சில்லும் பூட்டிக் கொல்லையில் நிறுத்தினார். கீழே சிரட்டைக்கரி, அதன்மேல் கஜு விறகுத் துண்டு, மேல்தட்டில் மாட்டு விலா எலும்பு. மிளகும் சீரகமும் உப்பும் பிரட்டி ஓர் இரவு ஊற வைத்ததை விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு உள்ளே வைத்தால், பின்னேரம் அசர் நேரத்துக்குத்தான் கதவு திறக்கும். எலும்பைப் பிடித்து இழுத்தால் இறைச்சி தானாகக் கழன்று வரும். கடற்கரைப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் சொல்லி வைத்து வாங்கினார்கள். எனக்கு மட்டும் அந்தப் பீப்பாயைக் கண்டாலே பயம். வெடிக்குமோ, பறக்கிற பொறி அயல் வீட்டுக் கிடுகுக் கூரையில் விழுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். நான் பயந்ததெல்லாம் தேவையில்லாத பயம். பயப்பட வேண்டியதை நான் நினைத்தும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் கடைகளில் பாக்கெட் வரத் தொடங்கியது. விலா எலும்பை எங்கேயோ சமைத்து, இனிப்புச் சோஸ் பூசி, பிளாஸ்டிக்கில் இறுக்கி அடைத்து, குளிர்ப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். சட்டியில் வைத்துச் சூடாக்கினால் சாப்பாடு தயார். பாயிஸ் ஒன்றை வாங்கி வந்து, சூடாக்கி, நாய் மோந்து பார்ப்பதுபோல் நாலு பக்கமும் மணந்து பார்த்தார்.

"இதுல பொகையே இல்ல சுஹைரா. போத்தல்ல இருந்து ஊத்தின வாசம்."

நான் ஒரு துண்டைத் தின்று பார்த்தேன். மெத்தென்று, கொஞ்சம் கூடுதலாக இனித்தது. "நல்லாத்தானே இருக்கு" என்றேன். மனுசன் அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்தப் பாக்கெட்டால்தான் குணரத்தினம் அண்ணனின் அழைப்பும் வந்தது. உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர், எங்களிடம் அதிகமாக வாங்குகிறவர்.

"தம்பி பாயிஸ், குறை நினைக்காதேங்கோ. பாக்கெட் எண்டால் பத்து நிமிசத்தில மேசைக்குப் போகுது. வெள்ளிக்கிழமை உங்கட சாமானையும் கொண்டு வாங்கோ, பாக்கெட்டையும் வைப்பம். வெள்ளைக்காரர் திண்டு பார்த்துச் சொல்லட்டும். நான் மாடு தொடுறேல்ல, எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

ஃபோனை வைத்த நேரத்திலிருந்து பாயிஸ் வேறு ஆளாகிவிட்டார். விறகை ஒவ்வொரு துண்டாக மணந்து மணந்து எடுத்து வைத்தார்.

அப்போது என் தங்கச்சி றிஷானா எங்கள் வீட்டில் இருந்தாள். எங்களுக்கு உம்மா இல்லை. அவளுடைய மாப்பிள்ளை இஹ்ஸான் வெளிநாட்டில். அதனால் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு என்னிடம் வந்து, ஆண்பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழியும்வரை உள்ளறையில் படுத்திருந்தாள். பச்சை உடம்புக்குக் காற்றுப் படக்கூடாது என்று அறை யன்னலை நான்தான் சாத்தி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான். யன்னலைத் திறந்து வைத்தால் பார்க்க வருகிறவர்கள் நம்மைத்தான் ஏசுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. ஜும்ஆ முடிந்து அவர் வந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. காலையில் இறைச்சி வைத்து மூட்டிய பீப்பாய் நின்ற கொல்லையில் தண்ணீர் ஏறியது. பீப்பாயை உள்ளே தள்ளி வரப் போகிறேன் என்றார்.

"உங்களுக்கு விசரா? பச்சைப் புள்ள இருக்கிற வீட்டுக்குள்ள நெருப்பா?" என்று மறித்தேன்.

"இஞ்ச வந்து பாரு. விறகெல்லாம் எரிஞ்சு முடிஞ்சிட்டுது. தணல் மட்டும்தான் கிடக்கு. ஒரு சொட்டுப் பொகை இல்ல. நான் மணந்து பாத்தனான்."

நானும் பார்த்தேன். உண்மைதான், புகையே இல்லை. சிவப்பாக, அமைதியாகத் தணல் கிடந்தது. குசினிக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கிற ஒடுங்கிய நடையில் பீப்பாயை நிறுத்தி, சாரல் அடிக்காமல் பின்கதவையும் யன்னல்களையும் பூட்டினார். வீடு கணகணவென்று சூடாக இருந்தது. பிள்ளைக்கு நல்லது என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் றிஷானா தலையிடிக்குது என்றாள். எனக்கும் நெற்றிப் பொட்டு தெறித்தது. பிள்ளை அழுது நித்திரை முழித்த அலுப்பென்று பேசாமல் இருந்தேன். பிறகு அவள் கட்டிலோரத்தில் குனிந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள்.

"ராத்தா, கட்டில் சுத்துது."

காலையில் பிள்ளை பார்க்க வந்த ஒருத்தி, "என்ன நிறம், என்ன நிறம்" என்று வாய் ஓயாமல் சொல்லிவிட்டுப் போனவள். கண்ணூறுதான் என்று முடிவு கட்டினேன். ஓதி ஊதின தண்ணீர் இரண்டு மிடறு கொடுத்தேன். காற்றுப் பட்டிருக்கும் என்று கதவடியில் இருந்த இடுக்கிலும் சீலைத் துண்டு வைத்து அடைத்தேன். பிள்ளை கன்னம் சிவந்து அசையாமல் தூங்கினான். அப்பாடா, ஒரு பொழுதாவது அழாமல் கிடக்கிறானே என்று பட்டது.

அந்த நேரம் பார்த்துக் குணரத்தினம் அண்ணனின் ஃபோன். தன் பக்கத்துக் கடையில் பாக்கெட் முடிந்துவிட்டதாம், வரும்போது ஒன்று வாங்கி வரட்டாம். பாயிஸ் பீப்பாயடியில் சுவரில் சாய்ந்து இருந்தார். நெருப்பை விட்டு எழும்ப ஏலாது, நீ போ என்றார். குடையை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

தெரு முனை வரை கால் தள்ளாடியது. மெயின் ரோட்டுக் கடையில் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது தலையிடி பாதிக்கு மேல் இல்லை. மழையும் குளிர்ந்த காற்றும் நல்லாக இருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தேன். நாலைந்து மூச்சு எடுத்திருப்பேன். தலை பழையபடி அடித்தது, முழங்கால் தளர்ந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நோய் எங்களுக்கு இல்லை. வீட்டுக்குள் என்னவோ இருக்கிறது. கண்ணுக்கும் தெரியவில்லை, மணமும் இல்லை.

உள்ளறைக்கு ஓடினேன். "றிஷானா" என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். யார் என்று தெரியாத பார்வை. பிள்ளையைத் தூக்கினேன். கை ஒரு பக்கம் தொங்கியது. அழுகிற பிள்ளையைத் தூக்கிப் பழகிய எனக்கு அந்தப் பாரம் என்னவோ மாதிரி இருந்தது. யா அல்லாஹ், இதை நான் எப்படி இஹ்ஸானிடம் சொல்லுவேன் என்ற ஒரே நினைப்புத்தான் எனக்கு. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்து மழைக்குள் பாய்ந்தேன்.

பாயிஸ் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். குடித்த வெறிகாரனைப்போல் நாக்குக் குழறியது. "மழைக்குள்ள பச்சைப் புள்ளைய... உனக்குப் பைத்தியமா?"

"வாய மூடுங்க" என்றேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரிடம் நான் சொல்லாத சொல். "உள்ள போய் அவள இழுத்து வாங்க. மூச்ச அடக்கிட்டுப் போங்க."

அவர் போய், தங்கச்சியை அரை குறையாகத் தூக்கி இழுத்து வந்து வாசலில் விழுந்தார். நான் போட்ட சத்தத்தில் அயல் வீட்டு ஸைனுலாப்தீன் ஆட்டோவை முற்றத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வழியெல்லாம் பிள்ளையின் வாயில் என் கன்னத்தை வைத்துக்கொண்டே போனேன். மூச்சு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆட்டோ குலுங்கும்போது அதுவும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் றிஷானாவுக்கும் பிள்ளைக்கும் ஒட்சிசன் கட்டினார்கள். பிள்ளையை எங்கள் கண்ணில் காட்டாமல் உள்ளே கொண்டு போனார்கள். கதிரையில் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் என் உயிர் போய் வந்தது. கடைசியில் ஒரு டொக்டர் வெளியே வந்து, வீட்டுக்குள் கரி நெருப்பு வைத்தீர்களா என்று கேட்டார்.

"வச்சம் டொக்டர்" என்றார் பாயிஸ். "ஆனா பொகை இல்ல. ஒரு சொட்டும் இல்ல. நான் மணந்து பாத்தனான்."

"அது மணக்காது" என்றார் டொக்டர். "தணல்ல இருந்து வாற அந்த வாயுவுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. கதவு யன்னல் பூட்டின வீடெண்டா ஆளக் கொண்டுபோயிரும்."

பாயிஸ் தன் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து சத்தம் வரும்வரை எனக்கு ஆறுதல் சொல்ல வாய் வராது. பொழுது பட்டு, மஃரிபு பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம்தான் அந்தச் சத்தம் வந்தது. பூனைக்குட்டி கத்துவதுபோல் மெல்லிசாக ஓர் அழுகை. பிறகு பெரிதாக, எங்கள் வீட்டில் இரவிரவாகக் கேட்கிற அதே அழுகை.

றிஷானாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்று குணரத்தினம் அண்ணன் எங்களுக்கு ஃபோன் எடுத்தார். நடந்தது அவருக்குத் தெரியும். "சுகமாகட்டும் தம்பி. வெள்ளைக்காரர் உங்கட சாமானைத்தான் கேக்கினம். ஆறுதலாகக் கொண்டு வாங்கோ" என்றார்.

"நீங்க பாக்கெட்டையே வாங்குங்க அண்ணன்" என்றார் பாயிஸ்.

பீப்பாய்க்குள் கிடந்ததையெல்லாம் ஆறிப்போன எலும்போடு கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு கடைக்குப் போய் அவரே ஒரு பாக்கெட் வாங்கி வந்து, சட்டியில் சூடாக்கி, ஒரு துண்டைக் கடித்தார். மணந்து பார்க்கவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

இப்போது மழை அடித்தாலும் எங்கள் வீட்டு யன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. வருகிறவர்கள் ஏசுகிறார்கள், ஏசட்டும். பிள்ளை தூங்கும்போதெல்லாம் பாயிஸ் வந்து தொட்டிலடியில் குனிகிறார். விரலை நாக்கில் நனைத்து அவன் மூக்கடியில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"மூச்சு வருது" என்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். "எண்டாலும் நீயும் ஒருக்காப் பாரு."

நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.