ரெண்டு தட்டினால் ரைட்

பேய், ஆவி, காத்துக் கருப்பு எதிலும் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை, ஒரே ஒரு வேனைத் தவிர. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், நானே பாதியில் சிரித்துவிடுவேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை, என் வேட்டி போனது உட்பட.

தொண்ணூறுகளின் கடைசி. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய அணுமின் நிலைய டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் மனைவி காஞ்சனாவுக்கு நிறைமாதம். பிரசவம் பார்க்க வேண்டிய ஆஸ்பத்திரி செங்கல்பட்டில். முதல் பிரசவம், போதாததற்கு ரத்த அழுத்தம் வேறு ஏறுகிறது, வலி எடுத்தால் ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் கொண்டு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா என்னை முறைத்துக்கொண்டே சொல்லியிருந்தார், ஏதோ அழுத்தத்தை நான்தான் பம்ப் வைத்து ஏற்றியது போல. பஸ்ஸை நம்ப முடியாது. அதனால் கோவளத்தில் ஒரு பாயிடம் பழைய வேன் ஒன்றை வாங்கினேன். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே வருஷக்கணக்கில் ஷேர் வேனாக ஆள் ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன வண்டி. அதன் நிறம் நீலமா பச்சையா என்பதில் எனக்கும் காஞ்சனாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே சத்தம் ஆரம்பித்தது. இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் 'டொப் டொப்'. அணைத்தால் ஒரே ஒரு 'டொப்'. நடுவில் வண்டி பரம சாது. எனக்குக் கலக்கமாகிவிட்டது. இவளை ஏற்றிக்கொண்டு போகும்போது பாதி வழியில் படுத்துவிட்டால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே வேனின் முன் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த இஞ்சினைத் திறந்து வைத்தேன். எங்கள் டவுன்ஷிப்பில் இது ஆபத்தான காரியம். திறந்த இஞ்சினைக் கண்டால் இன்ஜினியர்கள் ஈசல் மாதிரி வந்துவிடுவார்கள். முதலில் வந்தவர் எதிர்வீட்டு தாமஸ், திருநெல்வேலிக்காரர். ஒரு முழ நீளத் திருப்புளியின் முனையை இஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சத்தம் போடாதேயும் வே. அதிர்வைக் கேக்கதுதான் எனக்கு ஆபீஸ்லயும் வேலை."

கேட்டார். ஃபேன் பெல்ட் என்றார். கழற்றினோம். டொப் டொப். பிளக் ஒயர் என்றார். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். இஞ்சின் இருமியது, உதறியது, ஆனால் டொப் டொப் மட்டும் அசையவில்லை. பிறகு சைலன்சர் என்றார், நான் கீழே படுத்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், நெஞ்சு பொசுங்கியதுதான் மிச்சம். கடைசியில் சதுரங்கப்பட்டினம் மெக்கானிக் ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

"இன்னா சார், பிரியாணி குண்டா மாதிரி கிளறி வெச்சிகீறீங்க," என்றபடி அவர் நாலு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தார். "கியர் பாக்ஸ்தான் சார் பேஜார் பண்ணுது. எறக்கிடலாமா?"

இறக்க வேண்டுமென்றால் நிழல் வேண்டும். கழற்றியதையெல்லாம் மாட்டி, வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோக நான் ரிவர்ஸ் எடுத்தேன். பின்பக்கத் தகரத்தில் யாரோ உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வந்தார்கள், டொப், டொப், டொப், டொப், நிதானமாக. நானும் சொகுசாக வந்தேன். திடீரென்று பலமாக ஒரு டொப். பிரேக் போட்டேன். எட்டிப் பார்த்தால் மரத்தடியில், ஒரு சாண் தூரத்தில் தாமஸின் புத்தம்புது ஸ்கூட்டர்.

"நல்லவேளை தட்டினீங்க தாமஸ்," என்றேன்.

"நான் எங்க வே தட்டினேன்? இங்கல்லா நிக்கேன்."

அவர் முன்பக்கம் நின்றார். ஏழுமலையும் அவர் பக்கத்திலேயே பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். வேனுக்குப் பின்னால் ஸ்கூட்டரைத் தவிர ஒரு காக்காய்கூட இல்லை. ஏழுமலையின் வாயிலிருந்து பீடி நழுவி விழுந்தது.

"சார், ஒண்ணு தட்டினா ஸ்டாப். ரெண்டு தட்டினா ரைட். ரிவர்ஸ்ல வுடாம தட்டுவாங்க. இத்து இஞ்சின் இல்ல சார். கிளீனரு."

பஸ் ஸ்டாப்பில் ஒரு தடவை நின்ற எவனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய சத்தம். அதைத்தான் காலையிலிருந்து திருப்புளி வைத்துத் தேடியிருக்கிறோம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் குதித்துவிட்டேன். வேட்டி ஹேண்ட் பிரேக்கில் சிக்கியது. அதோடு பேச்சுவார்த்தை நடத்த நேரமில்லாததால் அதை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

காஞ்சனா ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாங்க, வேட்டி எங்க?"

"வண்டியில இருக்கு. புழுக்கமா இருந்தது."

கோவளம் பாய்க்கு போன் போட்டேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை.

"அது மன்னாருப்பா. நம்ம கிளீனரு. போன வருசம் மஞ்சக்காமாலைல பூட்டான். ஆளுதான் பூட்டான், வேலய வுடல."

"முதல்லயே சொல்லக்கூடாதா பாய்?"

"டயர் எப்டின்னு கேட்ட, மைலேஜ் எப்டின்னு கேட்ட. கிளீனர் எப்டின்னு கேட்டியா? தங்கமானவன்பா. ஒண்ணு தட்டினா மட்டும் நிக்காம போவாத, மனசு ஒடஞ்சிடுவான்."

மறுநாள் விடிந்ததும் வண்டியை அவர் தலையிலேயே கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அன்று சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் காஞ்சனாவுக்கு வலி எடுத்துவிட்டது. டவுன்ஷிப் ஆம்புலன்ஸ் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போயிருந்தது. துணைக்கு ஏழுமலையைக் கூப்பிடலாம் என்றால் மனிதர் ஸ்பேனர்களைக்கூட எடுக்காமல் மாயமாகியிருந்தார். வேப்பமரத்தடியில் வேன் என் வேட்டியோடு காத்துக்கொண்டிருந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை. பின்னால் காஞ்சனா பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பேயைவிட அதுதான் பயமாக இருந்தது. ஏறிவிட்டேன்.

நடு சீட்டில் காஞ்சனா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தாமஸின் மனைவி மேரி அக்கா. கடைசி சீட் காலி. ஸ்டார்ட் செய்தேன். டொப் டொப்.

"என்ன தம்பி சத்தம்?" என்றார் மேரி அக்கா.

"கிளீனர்க்கா."

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பிரமாதமாகப் போனோம். அப்புறம் ஒரு ஏரிக்கரை வந்தது. அங்கேதான் பின்னாலிருந்து ஒரே ஒரு தட்டு. டொப்.

சத்தியமாக நான் நிறுத்த நினைக்கவில்லை. கால் தானாகப் பிரேக்கில் ஏறிவிட்டது.

"யோவ்," என்றாள் காஞ்சனா. கல்யாணமாகி முதல்முறையாக யோவ். "இன்னாத்துக்குய்யா நிறுத்தின? புள்ள ஏரிக்கரைலதான் பொறக்கணுமா?"

வெளியே ரெண்டு ஆடு, ஒரு பனைமரம், அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு நிமிஷம் என் கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாம் என்று கியரில் கை வைத்தபோது கடைசி சீட்டின் ஸ்பிரிங் முனகியது. கண்ணாடியில் பார்த்தேன். காலியான சீட்டின் ரெக்ஸின், யாரோ ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி மெதுவாக அமுங்கியது. மேரி அக்கா திரும்பிப் பார்த்தார், அதே வேகத்தில் முன்பக்கம் திரும்பி ஜெபத்தை நடுவிலிருந்து ஆரம்பித்தார்.

டொப் டொப்.

அதன்பிறகு நான் வண்டி ஓட்டவில்லை, எறிந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்தபோது அந்த வழக்கமான ஒற்றை டொப் வரவில்லை. பின் சீட்டிலிருந்து யாரும் இறங்கிய சத்தமும் இல்லை. பெண் குழந்தை. இருவரும் நலம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா, மறுபடியும் என்னை முறைத்துக்கொண்டே.

அன்றோடு சத்தம் நின்றுவிட்டது. பெல்ட்டைக் கழற்றி மாட்டியதில் சரியாகிவிட்டது என்று தாமஸ் இன்றுவரை சொல்கிறார். தான் தொட்ட கை ராசி என்று ஏழுமலை சொல்கிறார். குழந்தை தவழ்வதற்கு முன்பே வேனை விற்றுவிட்டேன்.

இப்போது மகள் மூன்றாம் வகுப்பு. புதுக் கார் வைத்திருக்கிறோம். அவள் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியதும் உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டுவாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், "தட்டாம எப்டிப்பா வண்டி போவும்?" என்கிறாள்.

போன மாதம் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அதே ஏரிக்கரை. பின்னால் அவள் ஒரே ஒரு தட்டு தட்டினாள். என் கால் பழைய கால்தானே, நிறுத்திவிட்டது. வெளியே யாருமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். என் மகள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள். அப்புறம் ரெண்டு தட்டு.

காஞ்சனா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். எங்களுக்கும் வயது நாற்பதைத் தொட்டாயிற்று. அன்றிலிருந்து காஞ்சனா கடைத்தெருவில் மாங்காய் முன்னால் நின்றாலே எனக்கு வியர்த்துவிடுகிறது. நேற்று அரைக் கிலோ வாங்கியிருக்கிறாள். ஊறுகாய்க்கு என்கிறாள்.