ஒரு முழ நாடா

புதுவயலில் மைக்செட் வாடகைக்கு விடும் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் அரிசி ஆலைப் பூசைக்கு ஒலிபெருக்கி கேட்க ஒரு மத்தியானம் அவர் கடைக்குப் போனேன். டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழ நாடாவை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கியிருந்தார். அது சுற்றிச் சுற்றி வந்து, ஒரு பெண்ணின் குரலில் தாலாட்டின் ஒரே வரியைப் பாடியது.

“யாருண்ணே பாடுறது?”

“எம் வீட்டுக்காரி. போன தையில தவறிட்டா.”

“முழுப் பாட்டையும் போட மாட்டீகளா?”

“மெசினைச் சோதிக்கத்தான் பாடச் சொன்னேன், தம்பி. சத்தம் நல்லா விழுந்ததும், போதும் நிறுத்துன்னுட்டேன்.”

வந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்டேன். அந்த அம்மாளை நான் பார்த்ததேயில்லை. குரல் மட்டும் இன்றும் எனக்கு அடையாளம் தெரியும்.