பால்மா டின்னில் மண்

அன்றைக்கு மத்தியானம் ஆசுபத்திரியின் கொரோனா வாட்டில் இருந்தவர்கள்: வேலைக்குப் புதிதாக வந்த டொக்டர் பிள்ளை. தாதிமாருக்குத் தலைவியான பெரிய மிஸ். உப்புக்குளத்து நானா. நான். கட்டில்களில் ஆறு நோயாளிகள். கதவோரக் கட்டிலில் கிடந்தவர் கொண்டச்சிப் பக்கத்து விவசாயி. அவரும் நானாவும் முஸ்லிம்கள். நான் கீரி என்ற ஊர், வேதக்காரன், கிறிஸ்தவன்.

நானாவும் நானும் சிற்றூழியர். மலச்சட்டி எடுப்போம், நிலம் துடைப்போம், ஒட்சிசன் சிலிண்டர் உருட்டுவோம். ஆள் செத்தால் பையில் போட்டுப் பூட்டுவோம். கொரோனாக் காலம். வீட்டுக்குப் போக முடியாது. ஆசுபத்திரிக்குப் பின்னால் ஓர் அறையில் இரண்டு பேரும் படுத்தோம்.

நானா பகிடிக்காரர். முதல் நாள் தொற்றுக்குப் போடுகிற அந்த வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.

"மச்சான், அவிச்ச கணவாய் மாதிரிக் கிடக்கிறாய். மிஸ் கறிக்கு வெட்டிப்போடுவா, கவனம்."

"நீங்கள் மட்டும் என்ன, புது மாப்பிள்ளையோ?"

"எனக்கென்ன குறை? பொம்பிளைதான் இன்னும் வரேல்ல."

மிஸ்ஸும் சிரித்தா.

பிறகு வாட்டில் முதல் முஸ்லிம் ஆள் செத்தார். குளிப்பாட்டக் கூடாது. பையில் போட்டு அனுப்ப வேண்டும், எந்தச் சமயமென்றாலும் எரிப்பார்கள். அதுதான் அப்போது சட்டம். நானா பள்ளிவாசலுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டார். தண்ணீர் வார்க்க முடியாத மையத்தை, செத்த உடலை, சுத்த மண்ணால் தடவலாம், பைக்கு மேலேயே செய்யலாம் என்றார்களாம். தயம்மம் என்று அதற்குப் பெயர். நானா பால்மா டின்னில் மண் கொண்டுவந்தார். இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் அடித்து, பையில் முகம் இருக்கிற இடத்தைத் தடவினார். பிறகு கைகள் இருக்கிற இடத்தை. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா.

அடுத்ததாகச் செத்தவர் எங்கள் ஊர்ச் சம்மாட்டி, மீன்பிடி வள்ளக்காரர். நானா அவருக்கும் மண்ணை எடுத்தார்.

"நானா, இவர் வேதக்காரர்."

"தெரியும். ஒண்டும் செய்யாமல் ஒரு மனிசனை அனுப்பேலாது."

நான் சிலுவை போட்டேன். அவர் தடவினார். அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பகிடி நின்றது. சோற்றுப் பார்சல் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. அறையில் இருக்கும்போது சுவரில் உள்ளங்கையை அடித்து அடித்துக் காற்றைத் தடவினார். ஒரு காலமை என்னை மறித்தார்.

"மூண்டாம் கட்டில் ஆளுக்குச் செய்தனானோ?"

"அவர் சுகமாகி வீட்டை போயிட்டார் நானா. முந்தநாள் நீங்கள்தானே வாசல்மட்டும் கொண்டுபோய் விட்டனீங்கள்."

"ஓமோ?" குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ஸிட்டச் சொல்லிப்போடாத. விசர் எண்டு எழுதிப்போடுவாங்கள்."

நான் சொல்லவில்லை. அவர் கேட்டதற்காக மட்டுமில்லை. ஒரு பையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவரை அனுப்பினால் வேறு ஆள் வராது. தனிய அந்தப் பைகளோடு நிற்க எனக்குப் பயம்.

அன்றைக்கு மத்தியானம் நான் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். டொக்டர் பிள்ளை கடைசிக் கட்டிலடியில். மிஸ் மருந்து எடுத்துக்கொண்டிருந்தா. நானா டின்னோடு கதவோரக் கட்டிலுக்குப் போனதைக் கண்டேன். தண்ணீர் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

விவசாயி நித்திரை. நானா அவருடைய ஒட்சிசன் மாஸ்க்கைக் கழற்றித் தலையணையில் வைத்தார். கையை மண்ணில் அடித்தார். நெற்றியிலிருந்து தாடிவரை மெதுவாகத் தடவினார்.

அந்த ஆள் கண் விழித்தார். முகத்தைத் தொட்டு விரலைப் பார்த்தார். மண். அது செத்தவருக்குச் செய்வது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"நான் மௌத்தாகிட்டனா?"

"ஓம் வாப்பா," என்றார் நானா. "பயப்பிடாதேங்கோ. நான் பக்கத்திலதான் நிக்கிறன்."

மெஷின் கத்தத் தொடங்கியது. மிஸ் ஓடிவந்து மாஸ்க்கைப் போட்டா. டொக்டர் பிள்ளை நானாவின் இரண்டு கையையும் பிடித்தார். நானா இழுபறிப்படவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மச்சான், பையை எடுத்தா. தூக்குவம்."

நான் அசையவில்லை.

பின்னேரம் அவரை அம்புலன்சில் ஏற்றி மனநோய் வாட்டுக்கு அனுப்பினார்கள். விவசாயி பிழைத்தார். ஆனால் வீட்டுக்குப் போகும்வரை மாஸ்க்கை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடிதான் கிடந்தார். நான் கிட்டப் போனால் என் முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார்.

அம்புலன்ஸ் போன பிறகு டொக்டர் பிள்ளை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார்.

"அண்ணை, அவர் இப்பிடி இருக்கிறார் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எத்தினை நாளாத் தெரியும்?"

எண்ணிப் பார்த்துச் சொன்னேன்.

பன்னிரண்டு நாள்.