ஹேட்டி காட்டிய மரம்

அகப்பை நிறைய பீன்ஸை அள்ளி என் தட்டுக்கு மேலே அப்படியே நிறுத்திவிட்டு, வெஸ்டா ஷெல்டன் ஜன்னல் பக்கம் காதைச் சாய்க்கிறார். தேவாலயத்து ஞாயிறு விருந்து. எனக்குப் பின்னால் பாதி ஊர் தட்டோடு நிற்கிறது. மேட்டுக் காட்டில் எங்கோ ஒரு நாய் குரைக்கிறது.

"அது ஆர்லியோட தடி நாய். ஓடையோரமா ஓடிட்டிருக்கான்... இன்னும் ஓடுறான்... ம், கொரல் மாறுது, மரத்தடிக்கு வந்துட்டான்."

அதன் பிறகுதான் பீன்ஸ் என் தட்டில் விழுந்தது. வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் டென்னசி மலையில் நாய்க்குரல் கேட்டால் ஜெபம்கூடக் கொஞ்சம் நிற்கும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர் வெஸ்டா. ஆண்கள் போடும் பூட்ஸ்தான் போடுவார். அவருடைய கோட்டுப் பையில் எப்போதும் சோள ரொட்டித் துண்டுகள் கிடக்கும். அந்தக் கோட்டைத் துவைக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார். "அந்த வாசனைய வெச்சுத்தான் ஹேட்டி என்னைக் கண்டுபிடிக்கிறா. சோப்பு போட்டா நான் யாரோ ஆயிருவேன்" என்பார்.

ஹேட்டி அவருடைய நாய். செம்பழுப்பு உடம்பில் கறுப்பு வரிகள், சின்னக் காது. இந்த வரிநாய் இனத்தை எங்கள் மலையிலேயே பலர் பார்த்ததில்லை. பெரிய காதுள்ள நாய்களை வளர்ப்பவர்கள் இதைப் பூனை என்று கேலி செய்வார்கள். ஆனால் ராத்திரியில் கோழிக்கூட்டில் கை வைக்கும் ரக்கூன் என்ற மரமேறிப் பிராணி எத்தனை மரத்தில் ஏறி இறங்கிப் போக்குக் காட்டினாலும் ஹேட்டி ஏமாறாது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மோந்து, திருடன் மேலேதான் இருக்கிறான் என்று உறுதியான பிறகே வெட்டி வெட்டிக் குரைக்கும். ஒரே குறை, மனசு ரொம்ப மெல்லிசு. ஒரு சுடுசொல் போதும், சோறு இறங்காது.

எங்கள் வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. நாய் குரைத்தால் மரத்தை எல்லாப் பக்கமும் சுற்றி வந்து மேலே பார்க்க வேண்டும். ரக்கூன் கண்ணில் பட்டதும் உள்ளங்கையால் மரத்தைத் தட்ட வேண்டும். நீ சொன்னது சரி என்று நாய்க்குச் சொல்வது அது. அந்தத் தட்டலுக்காகத்தான் நாய் உயிரைக் கொடுத்து ஓடுகிறது என்பேன் நான். வெறும் மரத்தைப் பார்த்துக் குரைக்கும் நாய்க்கு எங்கள் ஊரில் பெயர் பொய்க்காரி.

போன அக்டோபரில் எங்கள் வேட்டைக் கிளப்பின் ராத்திரி வேட்டை. ஆர்லியின் நாய் ஓடையோரமாகப் போயிற்று. ஹேட்டி மட்டும் ஒரு கிழட்டுக் காட்டு மரத்தடியில் நின்று குரைத்தது. நின்ற இடத்திலிருந்தே எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒன்றுமில்லை.

"அக்கா, ஒங்க பூன காக்காயப் பாத்துக் கொரைக்குது," என்றான் ஆர்லி. எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

வெஸ்டாவின் முகம் சிவந்துவிட்டது. மரத்தைச் சுற்றி வரவில்லை. "ச்சீ, பொய்க்காரி. வா இங்க" என்று சங்கிலியைப் பிடித்து இழுத்தார். ஹேட்டி திரும்பித் திரும்பி அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் ஆர்லி அவர் வீட்டு வாசலில் வந்து தொப்பியைக் கழற்றினான். "பொந்து மறுபக்கம் இருக்குக்கா. இப்பத்தான் பாத்துட்டு வரேன். ரக்கூன் தலைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

அதன் பிறகு ஹேட்டி வாய் திறக்கவில்லை. காட்டுக்குப் போகும், மோப்பம் பிடிக்கும், மரத்தடியில் போய் உட்காரும். உட்கார்ந்து வெஸ்டாவின் முகத்தைப் பார்க்கும். அவ்வளவுதான். குரைக்காத நாயைக் காட்டில் எங்கே போய்த் தேடுவது? வீட்டு நாயாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வேறு குட்டி வாங்கித் தருவதாகவும் சொன்னார்கள். "கொரைக்காட்டி போகுது. எம்மேல நம்பிக்க போச்சே, அதத்தான் தாங்க முடியல," என்று என்னிடம் சொல்லி, ஊர் நாய்களின் குரலையெல்லாம் கேட்டுக்கொண்டு அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிறு விருந்து முடிந்த சாயங்காலம் அவரோடு நானும் ஆர்லியும் காட்டுக்குப் போனோம். இருட்டத் தொடங்கும்போது ஹேட்டி ஒரு அடர்ந்த தேவதாரு மரத்தடியில் போய் உட்கார்ந்தது. சத்தமில்லை. வெஸ்டாவின் முகத்தைப் பார்த்தது.

வெஸ்டா மரத்தைச் சுற்றவில்லை. மேலே பார்க்கவுமில்லை. ஹேட்டியையே பார்த்துக்கொண்டு போய், உள்ளங்கையால் மரத்தைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். "நீ சொன்னா சரிடி."

ஹேட்டி எழுந்து முன்னங்கால்களை மரத்தில் ஊன்றியது. தொண்டைக்குள் ஏதோ புரண்டது. அப்புறம் ஒரு குரைப்பு, இன்னொன்று, பிறகு நிற்கவே இல்லை.

ஆர்லி பழக்கதோஷத்தில் டார்ச்சைப் போட்டு மரத்துக்கு மேலே தூக்கினான். வெஸ்டா கையை நீட்டி அதன் கண்ணாடியைப் பொத்தினார்.