ஆத்தா பேரில் நின்ற சம்பளம்

போன வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடலூரில் பெரிய துணிக்கடை, சிதம்பரத்தில் மூன்று மாடி வீடு. அவர்கள் குழந்தைக்கு அம்மை போட்டு, அன்றைக்கு மூணாம் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினால் அம்மை இறங்கியதாகக் கணக்கு. வெளியாட்கள் அதற்குப் பிறகுதான் வரவேண்டும். நான் வழக்கம்போல் சீக்கிரமே போய்விட்டேன்.

கொல்லைப்பக்கம் அஞ்சலை மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறவள். சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. எப்போதும் சிரித்த முகமாக இருப்பவள், அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஒடம்பு சரியில்லையா அஞ்சலை?”

“எனக்கு என்னாக்கா... எம் பொண்ணுக்கும் அம்மை போட்டுருக்கு. பக்கத்து வூட்டு அக்காதான் கஞ்சி ஊத்துது. ஒருவாட்டி பாத்துட்டு வந்துடுறேன்னு கேட்டேன். போனா வேற ஆள் பாத்துக்குறோம்னுட்டாங்க.”

“செலவுக்காவது அனுப்பினியா?”

“இந்த மாசச் சம்பளம் இன்னும் தரலக்கா. தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வூட்லேர்ந்து காசு வெளிய போவக்கூடாதாம்.”

நம்ம ஊர் வழக்கம்தான். அம்மை போட்ட வீட்டிலிருந்து உப்பு, மோர், காசு எதுவும் கைமாற்ற மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் வேலை செய்தவளின் கூலியை நிறுத்தச் சொல்லி எந்த ஆத்தா கேட்டாள்?

குழந்தையின் அம்மா ரஞ்சனியிடம் போய்க் கேட்டேன்.

“ஐயோ அக்கா, ஆத்தா கோவிச்சுக்குவா! அஞ்சலை எங்க வீட்ல ஒருத்தி. அவ தப்பா நெனைக்க மாட்டா.”

அப்போது பார்த்து வாசலில் இளநீர்க்காரர். ரஞ்சனியின் வீட்டுக்காரர் ஒரு குலையை இறக்கச் சொல்லிவிட்டு, வண்டியில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடில் போனைக் காட்டினார். பணம் வந்துவிட்டது என்று இளநீர் வண்டியின் ஸ்பீக்கர் தெருவுக்கே சொன்னது.

“இது காசு இல்லையா ரஞ்சனி?”

“அது போன்ல போறதுதானேக்கா...”

“அஞ்சலைகிட்டயும் போன் இருக்கே!”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலை வாங்கும்போது வீட்டில் ஒருத்தி. லீவு கேட்டால் மட்டும் வேலைக்காரி. இந்த உறவுக்கு என்ன பெயர்? வீட்டில் ஒருத்தி என்றால் அவள் பெற்ற பெண்ணும் அந்த வீட்டுக் குழந்தைதானே? அது எப்படி இருக்கிறது என்று ஒரு போனாவது செய்து கேட்டீர்களா?

இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. மனசுக்குள் பொருமியதோடு சரி. ரஞ்சனியின் வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், அஞ்சலைக்குப் பணம் அனுப்பினார்.

தண்ணீர் ஊற்றியாயிற்று. வந்தவர்கள் எல்லாம் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “ஒரு தழும்பு இல்லையே!” என்று அதிசயப்பட்டார்கள். “அஞ்சலைதான்... ராவெல்லாம் சொறிய விடாம கையப் புடிச்சிக்கிட்டே கெடந்தா” என்றாள் ரஞ்சனி பெருமையாக. அஞ்சலை அங்கே இல்லை. குழந்தைக்குச் சரியாகிவிட்டதால் ஒருவழியாக லீவு கிடைத்து, திங்கட்கிழமை காலையில் வந்துவிட வேண்டும் என்ற கண்டிஷனோடு பஸ் ஏறியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன்.

“மொகமெல்லாம் சொறிஞ்சி வச்சிருக்காக்கா. கையப் புடிச்சிக்க ஆளில்ல...” என்றாள். “என்னப் பாத்ததும் அழுவான்னு நெனச்சேன். அழுவல. ‘எப்பம்மா திரும்பிப் போவே’ன்னுதான் கேட்டா. நாளைக்குன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.”

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவளே அவசரப்பட்டாள்.

“வெச்சிடட்டுமாக்கா? ரஞ்சனியக்கா லைன்ல வராங்க. கொழந்த தேடுதாம்.”

எந்தக் குழந்தை என்று நான் கேட்கவில்லை.